மோரி கேர்ள்: உடுத்தும் முறையா, வாழும் முறையா?

தறிப்பூ:
ஜப்பானில் தோன்றிய மோரி கேர்ள், அதாவது ‘காட்டுப் பெண்’, பாணியைக் கைக்கொள்ள விரும்புவோர் அதன் தொடக்கத்தை அறிந்திருக்க வேண்டும். 2006-இல், மிக்ஸி என்ற ஜப்பானியச் சமூக வலைத்தளத்தில், சோக்கோ என்ற புனைபெயர் கொண்ட ஒருவர், காட்டில் வசிப்பவளைப் போல இருக்கிறாய் என்று தோழி சொன்னதை வைத்து ஒரு குழுவைத் தொடங்கினார்; 2009-க்குள் அதில் 30,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். மோரி கேர்ள் எப்படிப்பட்டவள் என்று அக்குழு தொகுத்த ஏறத்தாழ 60 வரிகளில் தளர்வான கவுன், பஃப் கை, தட்டையான காலணி, கரும்பச்சையும் அடர்பழுப்பும் என உடையைப் பற்றியவை பல. அவற்றுக்கு நடுவிலேயே கேமராவுடன் காலாற நடப்பதும், காபிக் கடையில் அவசரமின்றி உட்கார்ந்திருப்பதும், குழந்தைகளுக்கான படப் புத்தகங்களில் மனம் லயிப்பதும் சொல்லப்பட்டிருந்தன.

அதே ஆண்டுகளில் கேன்கேம் போன்ற இதழ்கள், எபிஹாரா யூரி போன்ற மாடல்களைக் காட்டி, ஆண்களுக்குப் பிடித்தமானவளாகத் தெரிவது எப்படி என்று இளம்பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தச் சூழலில், தங்களுக்கு எது மகிழ்ச்சி தருகிறது என்று பெண்களே கூடிப் பேசி எழுதிக்கொண்ட பட்டியல் இது. ஆகவே இதை வாழும் முறை என்றே நான் கருதுகிறேன்.

மலையருவி:
தறிப்பூ அவர்கள் சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டின் பெயரைத் தாங்கிய ஒரு வாழ்க்கைமுறையில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடு; அதில் சுமார் 40 விழுக்காடு மனிதர் நட்டு வளர்த்தது. போருக்குப் பிந்தைய மரத் தேவைக்காகச் சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரங்களை மலை மலையாக நட்டார்கள். 1964-இல் மர இறக்குமதி தடையின்றித் திறந்துவிடப்பட்ட பின்னர் வெளிநாட்டு மரம் வந்து குவிந்தது, காலப்போக்கில் உள்நாட்டு மரத்தின் விலை சரிந்தது, மலைக் கிராமங்களின் இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நெருக்கமாக நட்ட மரங்களை இடையிடையே வெட்டிக் கழித்தால்தான் மற்றவை தேறும். அந்த வேலைக்கு ஆளில்லாமல் போன தோப்புகளில் நண்பகலிலும் வெளிச்சம் தரையைத் தொடுவதில்லை, புல்பூண்டு முளைப்பதில்லை, மழை பெய்தால் மேல்மண் அரித்துக்கொண்டு போகிறது. ஒவ்வோர் இளவேனிலிலும் அதே சுகி மரங்களின் மகரந்தத்தால் நகரவாசிகள் கண் எரிச்சலும் தும்மலுமாக அவதிப்படுகிறார்கள்.

இவற்றில் ஒன்றைக்கூட மோரி கேர்ளின் உலகத்தில் நான் கண்டதில்லை. மானும் காளானும் பறவையும் பதக்கமாகத் தொங்கும் அந்தக் காடு, வட ஐரோப்பியச் சிறுவர் கதைகளின் காடு. இயற்கையை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ள அது போதாது.

தையல்மேசை:
நான் துணியை அறிந்தவள் என்பதால் துணியைப் பற்றியே பேசுகிறேன். எல்லாவற்றுக்கும் உள்ளே, விளிம்பில் லேஸ் வைத்த பருத்தி உள்பாவாடை. அது மேலுடைக்குக் கீழே இரண்டு விரற்கடை தெரியும்படி விடப்படுகிறது. அதன்மேல், நெஞ்சுக்கு மேலே யோக் என்ற தோள்பகுதித் துண்டு வைத்து, கீழ்த்துணியைச் சுருக்கிட்டு இணைத்த லினன் கவுன். இடுப்பைப் பிடிக்கும் தையல் எங்கும் கிடையாது. குளிருக்கு, கம்பளி நூலில் பின்னிய கையில்லாச் சட்டையோ, தலைவழியே மாட்டும் போர்வை போன்ற போன்ச்சோவோ மேலே ஏறும்.

இப்படி அடுக்கி உடுத்துவதால், சாயம் வெளுத்த கவுன் அடுத்த ஆண்டு உள்ளடுக்காகிறது. கிழிந்த விளிம்பு லேஸ் வைத்துத் தைக்க இடமாகிறது. மிக்ஸி குழுவின் பட்டியலில் பழைய துணிகள் மீதான விருப்பமும் இருந்தது. ஓர் உடையைப் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்து உடுத்துவதைக் காட்டுடன் தொடர்பற்றது என்று மலையருவி அவர்கள் ஒதுக்கிவிட முடியாது.

மலையருவி:
தாங்கள் விவரித்தது நல்ல தையல், அதை மதிக்கிறேன். ஆனால் 2009 வாக்கில் இதழ்கள் மோரி கேர்ளுக்கெனத் தனிப் பக்கங்களை ஒதுக்கி, எதை எதனோடு உடுத்த வேண்டும் என்று படம் போட்டுக் காட்டத் தொடங்கியதும், மலிவான பாலியஸ்டர் லேஸ் வைத்த புத்தம்புதிய அடுக்குகள் கடைகளுக்கு வந்துவிட்டன. அடுக்கி உடுத்தும் முறைக்கு ஒன்றுக்கு நான்கு துணி வேண்டும் என்பதால், பழையதைப் பேணாதவர் கையில் அது நான்கு மடங்கு நுகர்வாகவே முடியும்.

நீலவானம்:
அதே காலத்தை ஒட்டி யாமா கேர்ள், அதாவது ‘மலைப் பெண்’, என்றொரு பாணியும் பரவியது. லெக்கிங்ஸ் மேல் குட்டைப் பாவாடையும், நல்ல மலையேற்றக் காலணியும் அணிந்து, அந்தப் பெண்கள் உண்மையாகவே மலை ஏறினார்கள். இயற்கையை நாடுவோருக்கு அதுவே நேரான வழி என்பது என் கருத்து.

தறிப்பூ:
நீலவானம் அவர்கள் குறிப்பிட்டவர்கள் விடுமுறை நாளில் மலைக்குப் போனார்கள். மோரி கேர்ள், வேலை நாளின் மாலையில் தன் தெருவிலேயே மெதுவாக நடந்து, மதில்மேல் படர்ந்த பாசியை ஃபிலிம் கேமராவில் படமெடுத்தாள். நெருக்கடியான நகரத்தில் சின்னஞ்சிறு அறையில் வாழும் ஒருத்திக்கு இரண்டாவது வழியே எல்லா நாளும் இயலக்கூடியது. தட்டையான காலணியும் தளர்ந்த கவுனும் அந்த நடைக்குத் தோதானவை. ஆகவே உடையையும் வாழ்வையும் தனித்தனியே எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மலையருவி அவர்களின் சுகித் தோப்புக்கு வருகிறேன். இடைவெட்டில் கிடைக்கும் மரத்தைக் கொண்டு உண்ணும் குச்சிகளும் சிறு வீட்டுப் பொருள்களும் ஜப்பானில் செய்து விற்கிறார்கள். மரக் கரண்டியையும் கிண்ணத்தையும் தேடித் தேடி வாங்கும் மோரி கேர்ளிடம், அந்த மரம் எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்கும்படி சொன்னால், அவள் காது கொடுத்துக் கேட்பாள் என்று நம்புகிறேன். பொருளை உற்றுப் பார்க்கும் பழக்கம் அவளிடம் முன்பே இருக்கிறது.

மலையருவி:
அந்தக் கேள்வியை அவள் கேட்கத் தொடங்கினால் என் மறுப்பில் பெரும்பகுதி விலகிவிடும். ஆனால் அந்த 60 வரிகளில் அதற்கு இடமில்லை; அதைப் புதிதாக எழுதிச் சேர்க்க வேண்டும். அதுவரை இதை அழகுணர்ச்சி மிக்க உடை மரபு என்று ஏற்பேன். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று ஏற்க மாட்டேன்.