மயன் பழக் காலமும் சௌத்தலோன் மலையும்

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாசி முடிவதற்குள் பர்மாவில் நம் மோல்மீன் பக்கம் வெயில் ஏறிவிட்டதாம். முடோன் ரோட்டில், குட்டி மாம்பழம் மாதிரி இருக்கும் மயன் பழம் கூடை கூடையாக வந்து இறங்குகிறது என்று தங்கச்சி போனில் சொன்னாள். கேட்கும்போதே பல் கூசியது. இங்கே சிங்கப்பூரில் கிடைக்கும் தாய்லாந்துப் பழம் வெறும் இனிப்பு. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ள நம்மூர்ப் புளிப்புக்காய்தான் சரி. கொட்டையைப் பிளந்தால் உள்ளே பருப்பு ஊதா நிறத்தில் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பாத பிள்ளை நம்மூரில் கிடையாது.

முள்ளிலவு இந்நேரம் இலையெல்லாம் கொட்டி, சிவப்புப் பூவோடு நிற்கும். படாவ் பூக்க இன்னும் ஒரு மழை விழ வேண்டும். நம் வேங்கைக்கு அது பங்காளி மரம். சித்திரைக்கு முன்னே மழை விழுந்ததும் ஒரே நாளில் ஊர் முழுக்க மஞ்சளாகும், மறுநாளே உதிர்ந்துவிடும்.

சரி, நான் எழுத வந்தது மலையைப் பற்றி. ரோட்டுக்கு ஒரு பக்கம் சௌத்தலோன் பாறை மலை, எதிர்ப்பக்கம் சின்னக் குன்றின் மேல் நம்மவர் கோயில். அறுப்பு முடிந்து காய்ந்த வயலுக்கு நடுவே, சரிவே இல்லாமல் அப்படி ஒரு பாறை எப்படி முளைத்தது என்று கேட்டால், "அதெல்லாம் கடல்டா" என்பார் தாத்தா. கதை இல்லை, நிஜம்தான். மோல்மீனிலிருந்து பாஆன் ஊர் வரை நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. பவளமும் சிப்பியும் கடல் அல்லி என்ற கடல் பிராணியும் செத்து, அடுக்கடுக்காக இறுகிய கல். பிறகு நிலம் மேலே எழும்பியது. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் நம்மூர் மழை, காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிக் கல்லை அரித்தது. நாம் டார்ச் அடித்துக்கொண்டு நுழைந்த குகைகளெல்லாம் அப்படி உண்டானவைதான்.

அந்த இருட்டில் தலைக்கு மேல் படபடத்ததே, அதில் உலகத்திலேயே மிகச் சிறிய வௌவாலும் இருந்திருக்கலாம். எடை 2 கிராம்தான். தாய்லாந்தில் மட்டுமே உண்டு என்று நினைத்திருந்தார்கள். 2001இல் பர்மாவிலும் கண்டுபிடித்தார்கள், நம் பக்கத்துக் குகைகளில்தான். அப்புறம் பல்லிகள். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரே ஆய்வுக் கட்டுரையில் பர்மாச் சுண்ணாம்பு மலைகளிலிருந்து 12 புதிய பல்லி இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். சுற்றிலும் வயல் என்பதால் ஒரு மலையின் பல்லி அடுத்த மலைக்குப் போவதில்லை. பல மலைகளில் தனித்தனி இனம்.

இந்தக் கல்லைத்தான் சிமெண்டுக்கு வெடி வைத்து எடுக்கிறார்கள். பாஆன் பக்கம் பாதி மொட்டையான மலையைப் போன தடவை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வயிறு எரிந்தது. போன மலை எந்தப் பூஜை போட்டாலும் திரும்ப வராது. கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க வருஷா வருஷம் வசூல் செய்கிறோம், நல்லதுதான். சுற்றியுள்ள மலைகளைப் படமெடுத்து வைக்கவும் அதில் கொஞ்சம் ஒதுக்கலாமே.

சித்திரைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மலையின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து வாருங்கள். 1964க்குப் பிறகு கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பங்களில் யாரிடமாவது பழைய போட்டோ இருந்தாலும் அனுப்புங்கள். கல்யாணப் போட்டோவோ காதுகுத்துப் போட்டோவோ, எதுவானாலும் சரி. மாப்பிள்ளை முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் மலை தெரிந்தால் போதும்.