என் போராட்டத்தையே எழுதச் சொல்கிறார்கள், பேய்க்கதை எழுதக் கூடாதா?

செந்தூல்வாசி:
பிறவியிலேயே செரிபிரல் பால்சி. வலது கை சொன்ன பேச்சைக் கேட்காது, இடது ஆள்காட்டி விரலால்தான் தட்டுகிறேன். நாக்கும் கொஞ்சம் குழறும் என்பதால் வாய்ஸ் டைப்பிங் நான் சொல்வதை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதி வைக்கிறது. அப்படியும் ஞாயிறு பதிப்புகளில் சில சிறுகதைகள் வந்திருக்கின்றன. இப்போது ஒரு தொகுப்புக்குக் கதை கேட்டார்கள், செந்தூல் பழைய ரயில் பட்டறையில் நடக்கும் பேய்க்கதை ஒன்றை அனுப்பினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்க போராட்டத்தை எழுதுங்களேன், நாலு பேருக்கு ஊக்கமா இருக்கும்" என்று பதில். எழுதிக் கொடுப்பதா, விட்டுவிடுவதா?

பினாங்குக்காரி:
விடுங்கள் அண்ணே. போகிற போக்கில் பேயிடமும் ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) கேட்பார்கள் போல. வேறு இடத்துக்கு அனுப்புங்கள், கூட வைக்கும் குறிப்பில் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் ரவி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 1932-இல் டப்ளினில் பிறந்த கிறிஸ்டி பிரவுனுக்கும் உங்களுக்கு இருப்பதுதான், இடது காலால் எழுதியவர். 1954-இல் தன்வரலாறு வந்து பெயர் வாங்கினார். அதோடு நிற்காமல் அதே வீட்டையும் தெருவையும் வைத்து 1970-இல் ஒரு நாவல் எழுதினார். அதனால் உடம்பை ஒளிக்கவும் வேண்டாம், ஊக்க உரையாக விற்கவும் வேண்டாம். வாய்ஸ் டைப்பிங் எழுதி வைக்கிறது என்றீர்களே அந்த "வேறு எதையோ", அதைப் பேய் பேசுவதாக வைத்தால் என்ன? நம்மில் யாருக்கும் அந்தக் கதை வராது, உங்களுக்குத்தான் வரும்.

விசைப்பலகை:
கதையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் விரலைப் பற்றிச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையிலா தட்டுகிறீர்கள்? அதில் "வணக்கம்" என்பதற்கு 8 தட்டு, நடுவில் ண-வுக்கு ஷிப்ட் வேறு. தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 முறையில் 6 போதும், இரட்டை எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும், ஷிப்ட் கிரந்த எழுத்துகளுக்குத்தான். ஒரு விரலால் தட்டுகிறவருக்கு இது பெரிய மிச்சம். விண்டோஸில் ஸ்டிக்கி கீஸையும் போட்டுவிடுங்கள், ஷிப்டை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை.

செந்தூல்வாசி:
ரவி, நேற்று "சாவி எங்கே" என்றேன், "சாமி அங்கே" என்று எழுதியது! பட்டறைக் காவலாளியின் போனில் அப்படியே வைத்துவிடுகிறேன். தொகுப்புக்காரர்களுக்கும் முடியாது என்று எழுதியாயிற்று. விசை, தமிழ்99 போனிலும் வருமா?

விசைப்பலகை:
நம் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் இருக்கிறது. பழகும் வரை எரிச்சலாகத்தான் இருக்கும், சொல்லிவிட்டேன்.