காரக் கோழி, மீன், ஆட்டுக்கறி: எந்த ஒயின்?

கேள்வி: வாரக்கடைசியில் எங்களோடு சேர்த்து ஆறு பேர். சனி இரவு காரமான கோழிக் குழம்பு, ஞாயிறு மதியம் வறுத்த மீன், இரவு ஆட்டுக்கறி. எந்த ஒயின், எத்தனை பாட்டில்?

பதில் 1: காரத்தோடு 14% ஆல்கஹால் உள்ள சிவப்பு ஒயின் வேண்டவே வேண்டாம். ஆல்கஹாலும், துவர்ப்பைத் தரும் டானினும் எரிச்சலைக் கூட்டிவிடும். லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், 9–11%க்குள் பாருங்கள். மீனுக்கு சோவிஞோன் பிளாங்க், இதுவும் வெள்ளை ஒயின்தான். சிவப்பில் உள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்தால் கவிச்சி தூக்கலாகத் தெரியும்.

பதில் 2: ஆட்டுக்கறிக்கு கேபர்னே சோவிஞோன் என்ற சிவப்பு ஒயின்தான். கொழுப்போடு சேரும்போது டானின் உறுத்தாது. ஊற்றும்போது 16–18 டிகிரி இருக்கட்டும். அரை மணி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

பதில் 3: 750 மில்லியில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். ஆளுக்கு இரண்டு என்றால் வேளைக்கு மூன்று பாட்டில். மிச்சத்தை இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பானாலும்.