புதுப்பிப்பு: கார் சூடேறியதற்குக் காரணம் ஹெட் காஸ்கட் அல்ல

எனது ஒல்டோ காரின் எஞ்சின் அடிக்கடி சூடேறியதையும், மட்டக்களப்பு நகரிலுள்ள கராஜ் ஒன்று 85,000 ரூபாய் பெற்று ஹெட் காஸ்கட்டை (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) மாற்றிய பின்னரும் அது நீங்காததையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

கல்முனை வீதியில் தடையின்றி ஓடும்போது சீராக இருக்கும் வெப்பமானி முள், காத்தான்குடிக் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தவுடன் ஏறுகிறது என்று களுவாஞ்சிகுடியில் ஒரு மெக்கானிக்கிடம் சொன்னதும், அவர் எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் பாதியைத் தாண்டியும் விசிறி அசையவில்லை. விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான ரிலேயைக் கழற்றிக் காட்டினார். அதன் இணைப்புக் கால்களில் ஒன்று கறுத்து, அதனருகே பிளாஸ்டிக் உருகியிருந்தது. வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுவதால்தான் நெரிசலில் மட்டும் கோளாறு தெரிந்திருக்கிறது. புதிய ரிலே 2,400 ரூபாய்.

ஹெட் காஸ்கட் பழுதானதற்கு அடையாளமான வெண்புகையோ, எண்ணெயில் நீர் கலந்த பால்நிறமோ முன்பும் இருக்கவில்லை. அதைப் பாராமலே எஞ்சினைப் பிரித்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

பற்றுச்சீட்டுடன் முதல் கராஜுக்குச் சென்றேன். “தம்பி, கழற்றிப் பார்த்தால்தானே தெரியும்” என்ற உரிமையாளர், கூலியில் பாதியைத் தருவதாகச் சொன்னார், நான் ஏற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியையும் கருகிய ரிலேயின் படத்தையும் இணைத்து, முறைப்பாட்டை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.