பின்னால் நாலு டயர் உள்ள பிக்கப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

மொழிமேசை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவில் ட்ரெய்லர் இழுக்கப் பிக்கப் வாங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஒரே கேள்விதான்: பின்பக்கம் இரண்டு டயர் போதுமா, நான்கு வேண்டுமா?

'ஒற்றைப் பின்சக்கர வண்டி', 'இரட்டைப் பின்சக்கர வண்டி' என்று எழுதிப் பார்த்தேன். முதலாவதைப் படித்தால் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சக்கர வண்டி கண்ணில் வருகிறது. இரண்டாவது அதைவிட மோசம். எந்தக் காருக்குத்தான் பின்னால் இரண்டு சக்கரம் இல்லை? அதாவது 'இரட்டைப் பின்சக்கரம்' என்ற பெயர் ஒற்றை வண்டிக்குத்தான் பொருந்துகிறது! காப்பாற்றுங்கள்.

அச்சாணி எழுதியது:

தங்கச்சி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியை எண்ணிக்கையால்தான் சொல்வார்கள், ஆறு வீல், பத்து வீல் என்று. 'நாலு டயர் பிக்கப்', 'ஆறு டயர் பிக்கப்' என்று போட்டு முடியுங்கள்.

மொழிமேசை எழுதியது:

அண்ணா, அதே அத்தியாயத்தில் 'நான்கு சக்கர இயக்கம்' வருகிறது. 'ஆறு டயர் பிக்கப்பில் நான்கு சக்கர இயக்கம்' என்று எழுதினால் மீதி இரண்டு டயர் சும்மா உருள்கிறது என்று நினைப்பார்கள். ஆறும் அல்லவா சுற்றுகின்றன? இன்னொன்று, டயரின் பக்கச் சுவரில் 125/122 என்று அச்சடித்திருக்கும் பாரக் குறியெண்ணை விளக்க வேண்டும். முதல் எண் தனியாக ஓடும் டயருக்கு, இரண்டாவது ஜோடியாக ஓடும் டயருக்கு. வண்டிக்கு வைக்கிற சொல் டயருக்கும் பொருந்த வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அன்புடையீர், சக்கரம் என்பதே வடசொல். அதை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? ஆழி, திகிரி, நேமி, உருளி என நம்மிடம் இல்லாததா? 'கால்' என்றே சக்கரத்துக்குப் பெயர் உண்டு. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' (குறள் 496). கால் வலிய தேர், அதாவது உறுதியான சக்கரங்கள் உள்ள தேர். ஆகவே 'ஒற்றைக்கால் ஊர்தி', 'இணைக்கால் ஊர்தி' எனலாம். அல்லது பிணைக்கப்பட்ட ஆழி என்ற பொருளில் 'பிணையாழி'.

பாரம் பற்றிய அத்தியாயம் என்பதால் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (475) என்ற குறளை முகப்பில் இடுமாறும் வேண்டுகிறேன். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும்.

அச்சாணி எழுதியது:

> ஒற்றைக்கால் ஊர்தி

ஐயா, வண்டி ஒற்றைக்காலில் நின்று அடம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. பிணையாழி என்றால் ஜாமீனில் வந்த மோதிரமா?

ஆனால் அந்தக் குறளைக் கட்டாயம் போடுங்கள், அதுதான் விஷயமே. பம்பருக்குக் கீழே பந்துக் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் வண்டி மேல் வைக்கும். பின்தொட்டிக்குள், அச்சுக்கு நேர் மேலே பூட்டுகிற வகை 15 முதல் 25 சதவீதம் வைக்கும். 15,000 பவுண்டு ட்ரெய்லரில் ஐந்தில் ஒரு பங்கு என்றாலே 3,000 பவுண்டு. அதற்கு மேல் கொக்கியின் எடை, வீட்டு ஆட்கள், சாமான். "என் வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்கிறவர்கள் "எவ்வளவு சுமக்கும்?" என்று கேட்பதில்லை. எஞ்சின் இழுத்துவிடும், பின் டயர்தான் முதலில் எல்லை தொடும்.

கணக்கைப் பாருங்கள். 125 என்றால் 1,650 கிலோ. ஒற்றை வண்டியில் பின்னால் இரண்டு, ஆக 3,300. இரட்டைக்குச் சற்று ஒடுங்கிய டயர் வரும். அதில் 120/117 என்று இருந்தால் ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் 1,285 கிலோ, நான்குக்கு 5,140. டயர் அவ்வளவு தாங்கினாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் பின் அச்சுக்கு எவ்வளவு போட்டிருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. குறைந்த எண்தான் கணக்கு.

பனையோலை எழுதியது:

எங்கட பக்கம் சக்கரத்துக்குச் 'சில்லு' எண்டுதான் சொல்லுறது. சோடிச் சப்பாத்து மாதிரி 'சோடிச்சில்லு'. மற்றது 'தனிச்சில்லு'. டயருக்கும் பொருந்தும், வண்டிக்கும் பொருந்தும். பிரச்சினை முடிஞ்சுது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சில்லு இனிய சொல், மறுக்கவில்லை. ஆனால் கடல் தாண்டிய இக்கரையில் சில்லு என்றால் உடைந்த ஓட்டுத் துண்டு. அதோடு சோடி வடபுலத்து வரவு. இணை என்ற சொல் இருக்க அது எதற்கு?

பனையோலை எழுதியது:

ஐயா, இணை எண்டு போட்டால் சனம் இணையம், இணைப்பு எண்டு நினைக்கும். சோடி எந்தத் திசையால வந்தால் என்ன, வந்து கனகாலம். இனித் திருப்பி அனுப்பேலாது.

மொழிமேசை எழுதியது:

எனக்குச் சோடிச்சில்லு பிடித்திருக்கிறது, உண்மையாகவே. ஆனால் கையேடு இரு கரைக்கும் போகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பிணையைக் கேலி செய்த அச்சாணிக்கு ஒரு சொல். பிணை என்பது பெண்மானும் ஆகும், அதன் ஆண் 'கலை'. கலைச்சொல் தேடும் குழுவில் பிணைக்கு இடமில்லையா?

மேலும் 'ஸ்டெப்னி' என்று எழுதும் பழக்கத்தை இந்தக் கையேட்டிலாவது விடுங்கள். புறநானூறு 102-இல் உப்பு வணிகர், பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த 'சேம அச்சு' வருகிறது. அவ்வழியில் 'சேமவாழி' எனலாம்.

அச்சாணி எழுதியது:

ஸ்டெப்னியை இழுத்துவிட்டீர்கள், இதையும் கேளுங்கள். வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் தொடங்கிய வியாபாரம் அது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே மாட்டார்கள். காற்றடைத்த ஒரு வளையத்தை அதன் பக்கவாட்டில் வைத்துக் கவ்வவிட்டு ஓட்டிப் போவார்கள். ஆக, அந்த நேரத்துக்கு அதுவும் இரட்டைச் சக்கரம்தான்!

மட்டுறுத்துநர் எழுதியது:

சுவையாக இருக்கிறது. ஆனால் இன்று புதன். மானையும் வேல்ஸையும் விட்டுவிட்டுச் சொல்லுக்கு வாருங்கள்.

மொழிமேசை எழுதியது:

ஒன்று தோன்றுகிறது. நம் குழப்பமெல்லாம் வண்டியை மொத்தமாக எண்ணுவதால் வருகிறது. அச்சின் ஒரு முனையை மட்டும் பார்த்தால்? முனைக்கு ஒரு டயர், முனைக்கு இரண்டு டயர். 'ஒற்றைப்பூட்டு', 'இரட்டைப்பூட்டு'. நுகத்தில் மாடு பூட்டுவது, ஏர் பூட்டுவது எல்லாம் பழகிய வினைதானே. 'இரட்டைப்பூட்டு வண்டி', 'டயரை இரட்டைப்பூட்டில் ஓட்டினால் 1,285 கிலோ'. இரண்டு இடத்திலும் நிற்கிறது.

அச்சாணி எழுதியது:

பரவாயில்லையே. திருட்டுக்குப் பயந்து இரண்டு பூட்டு போட்ட வண்டி என்று நாலு பேர் நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். முதல் முறை வரும்போது 'பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் பூட்டியது' என்று ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

பூட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஜோடியின் உள் டயரை யாரும் பார்ப்பதில்லை. காற்று இறங்கினாலும் வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வெளியே தெரியாது. கடைசியில் அதுவும் சூடேறி வெடிக்கும். இரண்டும் ஒரே சுற்றளவு இருக்க வேண்டும். இடையில் கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்றார் தொல்காப்பியர். அவை இரண்டாக வந்தால்தான் பொருள். நீங்கள் சொல்லும் டயர்கள் அப்படியா? ஒன்று போனாலும் மற்றது சற்று நேரம் தாங்கும் என்பதுதானே இவ்வண்டியின் சிறப்பு? எனவே 'இரட்டை' இலக்கணப்படி பொருந்தாது.

பனையோலை எழுதியது:

ஐயா, இரட்டைப் பிள்ளையளும் பிரிஞ்சுதான் திரியினம்.

மொழிமேசை எழுதியது:

வாக்கெடுப்பு முடிவு: இரட்டைப்பூட்டுக்கு ஐந்து பேர், சோடிச்சில்லுக்கு இரண்டு, பிணையாழிக்கு ஒன்று. மூன்று பேர் 'எதையாவது போடுங்கள்'. இரட்டைப்பூட்டே போகிறது. சோடிச்சில்லு கலைச்சொல் பட்டியலில் மாற்றுச்சொல்லாக இருக்கும்.

அத்தியாயத்தின் கடைசிப் பத்தி சரியா, அண்ணா? "பின்தொட்டியில் பூட்டும் கனத்த ட்ரெய்லரை அடிக்கடி இழுப்பவருக்கு இரட்டைப்பூட்டு. பக்கக் காற்றிலும் ஆட்டம் குறைவு. ஆண்டுக்குச் சில தடவை மட்டும் இழுத்து, மற்ற நாளெல்லாம் ஊருக்குள் ஓட்டுபவருக்கு ஒற்றைப்பூட்டு. இரட்டைப்பூட்டின் பின்புற அகலம் ஏறக்குறைய எட்டடி."

அச்சாணி எழுதியது:

சரிதான். பனியையும் சேருங்கள். சுமை இல்லாத இரட்டைப்பூட்டு பனியிலும் சேற்றிலும் வழுக்கும். எடை நான்கு டயரில் பரவிவிடுவதால் எதுவும் அழுந்தப் பிடிக்காது. அகலத்தைப் பற்றி ரொம்பப் பயமுறுத்தவும் வேண்டாம். பின்னால் எட்டரை அடி ட்ரெய்லர் வரும்போது முன்னால் எட்டடி வண்டி போவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. கஷ்டம் கடை வாசலில் நிறுத்தும்போதுதான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யவும். பூட்டு என்பது வினை, ஆழி என்பது பொருள். பொருளுக்குப் பெயர் கேட்டோம், வினையைப் பெற்றோம்.

மொழிமேசை எழுதியது:

பதிந்தேன், ஐயா. அடுத்த பக்கத்தில், பின்தொட்டியில் ட்ரெய்லரைப் பூட்டும் கருவிக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்ற பெயர் வருகிறது. படத்தில் பார்த்தால் ஒரு தட்டும் தாடையும்தான் இருக்கிறது, சக்கரத்தையே காணோம். குதிரை வண்டியில் முன்னச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாக்கில் வைத்த வளையத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டதாம். அதற்குப் புது இழை தொடங்குகிறேன். நாளை மதியத்துக்குள் சொன்னால் போதும்.