பி.எம். கிசான் தவணை: யாருக்கு வருகிறது, யாருக்கு நிற்கிறது

சேவை மையம் நடத்துபவர்:
பி.எம். கிசான் என்பது நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாயை 2,000 வீதம் மூன்று தவணையாகத் தரும் திட்டம். "திடீர்னு 2,000 நின்னு போச்சு" என்று வருகிறவர்களுக்கு முதல் வேலை, திட்டத் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பயனாளி நிலையைப் பார்ப்பது. நில விவரம், இ-கேஒய்சி (ஆதார் வழியான அடையாளச் சரிபார்ப்பு), ஆதார்–வங்கி இணைப்பு என்று மூன்று இருக்கும். ஒன்றுக்கு எதிரே 'இல்லை' என்றிருந்தாலும் தவணை வராது.

இதில் மூன்றாவதுதான் ஆளைச் சுற்றவிடுவது. பாஸ்புக்கில் ஆதார் ஏறியிருக்கும், பணம் மட்டும் வராது. கணக்கில் ஆதாரைப் பதிவது வேறு, மானியம் வாங்க அந்தக் கணக்கை என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பு) இணைப்பது வேறு. வங்கியில் "டிபிடி-க்கு ஆதார் சீடிங்" (நேரடி மானியத்துக்கு ஆதார் இணைப்பு) என்று கேட்டுத் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். புதிதாக வேறு வங்கியில் இணைத்திருந்தால் பணம் அந்தக் கணக்குக்குப் போயிருக்கும். பழைய பாஸ்புக்கில் வரவு பதிந்து பார்ப்பதில் பலனில்லை. கடைசியாக இணைந்த வங்கி எது என்று ஆதார் தளத்திலேயே தெரியும்.

இ-கேஒய்சி-க்கு வரும் கைரேகை தேய்ந்த பெரியவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஆதாரில் உள்ள செல்போன் எண் உயிரோடு இருந்தால் ஓடிபி போதும். இல்லாவிட்டால் கிசான் செயலியில் முகப் பதிவு செய்யலாம்.

பட்டா வேலை தெரிந்தவர்:
மேலே சொன்ன மூன்றில் நில விவரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் மகன் உழுதாலும் தகுதி வராது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துப் பட்டா மாறுதலுக்கு மனுப் போட வேண்டும். உட்பிரிவு (உங்கள் பங்கைத் தனியாகப் பிரிப்பது) கேட்டால் சர்வேயர் அளக்கும்வரை இழுக்கும். கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்ப்பது அதைவிட எளிது.

தேதியும் முக்கியம். 1.2.2019-இல் யார் பெயரில் நிலம் இருந்தது என்பதே அளவுகோல். அதற்குப் பிறகு கிரயத்திலோ தானத்திலோ வந்த நிலத்துக்கு இல்லை. உரிமையாளர் இறந்து வாரிசாக வந்தால் உண்டு. கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். இருவர் பெயரிலும் பட்டா இருந்தாலும் ஆண்டுக்கு 6,000 ஒருவருக்குத்தான். முதலில் 2 ஹெக்டேர் வரம்பு இருந்தது, 2019-லேயே எடுத்துவிட்டார்கள். ஆக, பெரிய பண்ணைக்காரருக்கும் அதே தொகை.

கடலூர்ப் பக்கத்துக்காரர்:
2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் நடந்ததை மறக்க வேண்டாம். தளத்தில் தாங்களே பதியும் வசதியையும் வேளாண் அலுவலகங்களின் கடவுச்சொல்லையும் வைத்து, நிலமே இல்லாதவர்களை ஏற்றிவிட்டார்கள். மாநிலம் முழுவதும் சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள், 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். "கொரோனா பணம்" என்று நம்பி ஆதாரைக் கொடுத்த ஏழைகளும் அதில் மாட்டினார்கள். தரகரிடம் ஆதார் நகலும் ஓடிபியும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தகுதியில்லாமல் வாங்கியவர்கள் தளத்திலேயே திருப்பிச் செலுத்தலாம். கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர், அரசு ஊழியர் (கடைநிலைப் பணியாளர் நீங்கலாக), தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் எல்லாரும் இந்த வகை.

டெல்டாக்காரர்:
ஐயா, எங்கள் பக்கத்துக்கு இதெல்லாம் இரண்டாவது கேள்வி. கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்குப் பயிர் வைப்பவர்கள் இங்கே ஏராளம். நிறுவனத்தின் நிலம் என்பதால் அதற்குத் தவணை கிடையாது, குத்தகைதாரருக்கும் பட்டா இல்லாததால் கிடையாது. தனியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால், விதை, உரம், ஆள் கூலி போட்டவருக்கு ஒன்றுமில்லாமல், சென்னையில் இருக்கும் பட்டாதாரருக்குப் பணம் போகிறது. இது அநியாயம், சட்டப்படி சரி என்பதால் நியாயமாகிவிடாது.

குத்தகைதாரர் கைவிடக் கூடாதது பயிர்க் காப்பீடு. அதற்குப் பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. நடப்புப் பருவ அடங்கலை (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற பதிவு) வி.ஏ.ஓ.விடம் உங்கள் பெயருக்கு வாங்கி, ஆதார், பாஸ்புக் நகலோடு பதிய வேண்டும். அடங்கலில் உள்ள சர்வே எண்ணும் உட்பிரிவும் காப்பீட்டுப் பதிவில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று ரசீதைக் கையில் வாங்கும்போதே பாருங்கள். எண் மாறினால் இழப்பீடு வரும் நேரத்தில்தான் தெரியும், அப்போது திருத்துவது பெரும்பாடு.