சிக்னலில் சிவப்பு பொம்மை எரியும்போதே எல்லாரும் சாலையைக் கடக்கிறார்கள்: அம்மாவை நிற்கச் சொல்வதா, கூட்டத்தோடு போகச் சொல்வதா?

மாம்பலம்வாசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. அப்பா போன பிறகு கும்பகோணம் வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதமாக எங்களோடு சென்னையில் இருக்கிறார். எங்கள் தெருமுனையில் நான்கு ரோடு சேரும் பெரிய சந்திப்பு. கோயில், மருந்துக்கடை, காய்கறிக் கடை எல்லாமே சாலைக்கு அந்தப் பக்கம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் அம்மா தனியாகத்தான் கடக்க வேண்டும். முழங்கால் தேய்மானம் வேறு.

வந்த புதிதில் நான்தான் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தேன். நடப்பவர்களுக்கான சிக்னலில் பச்சை பொம்மை வந்தால் போங்கள், சிவப்பு இருந்தால் எவ்வளவு நேரம் ஆனாலும் நில்லுங்கள் என்று. அம்மாவும் அப்படியே செய்கிறார். பிரச்சினை என்னவென்றால் அங்கே அப்படிச் செய்பவர் அவர் ஒருவர்தான். பள்ளிப் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் என்று எல்லோருமே ஒரு கையை நீட்டி வண்டிகளைத் தடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அம்மா மட்டும் ஓரத்தில் நிற்கிறார். "ஏம்மா நிக்கிறீங்க, வாங்க" என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை பச்சை பொம்மை வந்த பிறகுதான் அம்மா இறங்கியிருக்கிறார். ஃப்ரீ லெப்ட்டில், அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடதுபுறம் திரும்பிய பைக்கின் கண்ணாடி பையில் மாட்டி இழுத்து, பை கிழிந்து, தக்காளியெல்லாம் ரோட்டில். அம்மாவுக்கு அடி இல்லை. ஆனால் பதறிப்போய் எப்படியோ ரோட்டின் நடுவில் இருக்கும் மீடியன் வரை போனவர், அங்கே இருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு முறை பச்சை வந்து போயிருக்கிறது, இறங்கவே இல்லை. கடைசியில் எதிர்ப்பக்கம் பூ விற்கிற அம்மா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறார். "பச்சையைப் பாக்காதீங்கம்மா, வண்டியைப் பாருங்க" என்று சொன்னாராம்.

அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் சொல்லிக்கொடுத்தது தப்பா, பூக்கார அம்மா சொன்னது சரியா? கூட்டத்தோடு சேர்ந்து போங்கள் என்று சொல்லிவிடலாமா? உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?

பழைய_சிக்னல்காரன் எழுதியது:

உங்கள் அம்மாவுக்கு அடிபடவில்லை என்பதே பெரிய விஷயம் சார்.

நான் பல வருடம் சிக்னல் பராமரிப்பு ஒப்பந்த வேலை பார்த்தவன். பெட்டியைத் திறந்து நேரம் வைக்கும்போது பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். நடப்பவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன கிடைக்கிறது என்று தெரிந்தால், மக்கள் ஏன் நிற்பதில்லை என்பது புரியும்.

சிக்னல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நாலைந்து விநாடி வீணாகும். ஆரஞ்சு, அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளி, முதல் வண்டி கிளம்ப எடுக்கும் நேரம். நான்கு ரோடு என்றால் எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை வந்து முடியும் ஒரு சுற்றுக்கு 20 விநாடி இப்படிப் போகும். 90 விநாடிச் சுற்றில் 20 போனாலும் 180 விநாடிச் சுற்றில் 20 போனாலும் இழப்பு அதே 20தான். அதனால் நெரிசல் அதிகமாக அதிகமாகச் சுற்றை நீட்டிக்கொண்டே போவார்கள். வண்டிக்கு அது லாபம். ஓரத்தில் நிற்கிற ஆளுக்கு இரண்டரை நிமிடம் வெயில். சாலைப் பொறியியலில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது, காத்திருப்பு 30 விநாடியைத் தாண்டினால் நடப்பவர் பொறுமை இழந்து இறங்கிவிடுவார் என்பதுதான். அமெரிக்காவானாலும் அதேதான், அமைந்தகரையானாலும் அதேதான்.

சரி, பச்சை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆறு லேன் ரோட்டில் ஒரு லேன் மூன்றரை மீட்டர், மீடியனையும் சேர்த்தால் 22 மீட்டர். நம் நாட்டில் சாலை விதிமுறைகளை எழுதும் இந்தியச் சாலைக் காங்கிரஸ், விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. அதன்படியே 18 விநாடி வேண்டும். முழங்கால் வலியோடு வரும் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே அதிகம், அவருக்கு 27 விநாடிக்கு மேல் வேண்டும். பச்சை எத்தனை விநாடி எரிகிறது என்று அங்கே நின்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பச்சை பொம்மை விட்டுவிட்டு எரிந்தால் ஏற்கெனவே இறங்கியவர் வேகமாகப் போய்ச் சேரலாம், ஓரத்தில் நிற்பவர் புதிதாக இறங்கக் கூடாது என்று அர்த்தம். இதை யாரும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. மக்கள் அதைப் பார்த்துத்தான் ஓட ஆரம்பிக்கிறார்கள். காலையும் மாலையும் கூட்ட நேரத்தில் போலீஸ்காரர் சிக்னலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு பட்டன் போட்டு இயக்கும்போது, பல இடங்களில் நடப்பவர்களுக்கான முறை வராமலே போய்விடும். பத்து நிமிடம் நின்றாலும் பச்சை பொம்மை வராத சந்திப்பை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. பூக்கார அம்மா சொன்னதும் தப்பில்லை. அவர் அந்தச் சந்திப்பை நம் எல்லாரையும் விட நன்றாகப் படித்திருக்கிறார்.

இருசக்கரம்_87 எழுதியது:

வண்டி ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் காலை எட்டேகால் மணி, எனக்குப் பச்சை, 35 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. இடதுபுறம் நிறுத்தத்தில் மாநகரப் பேருந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கிய ஒருவர் பேருந்துக்கு முன்னால் சுற்றி என் வண்டிக்கு நேராக வந்துவிட்டார். பேருந்து மறைத்ததால் அவரை நான் பார்க்கவே முடியாது, அவரும் என்னைப் பார்க்க முடியாது. பிரேக் அடித்ததில் வண்டி சறுக்கிக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அவர் மேல் வண்டி படவில்லை, ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னால் லாரி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சிக்னல் நேரம் சரியில்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காக இஷ்டத்துக்கு இறங்குவதை நியாயப்படுத்தாதீர்கள் அண்ணா. அப்புறம் மாம்பலம்வாசி, உங்கள் அம்மாவிடம் இந்த ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: நிற்கும் பேருந்துக்கு முன்னால் போய்க் கடக்கவே கூடாது. பேருந்து கிளம்பிப் போகட்டும், இரண்டு பக்கமும் தெரியட்டும், அப்புறம் இறங்கலாம். கையைக் காட்டினால் வண்டி நின்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம். முதல் வண்டி நிற்கும். நின்ற வண்டியைத் தாண்டிப் பக்கத்து லேனில் வருகிறவனுக்கு அந்தக் கை தெரியாது.

சிராங்கூன்_தமிழ் எழுதியது:

நான் திருச்சிக்காரன், சிங்கப்பூரில் 14 வருடம். ஊருக்கு வந்தால் நானும் கையைக் காட்டிக்கொண்டு போகிறவன்தான், இங்கே நிற்கிறவன்தான். நான் ஒரே ஆள். அதனால் நம் மக்களுக்கு ஒழுக்கமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும்.

இங்கே கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் குறுக்கே போனால் குற்றம், அபராதம் உண்டு. அது பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பயத்தால் மட்டும் யாரும் தினமும் நிற்க மாட்டார்கள். பச்சை பொம்மை கட்டாயம் வரும் என்று தெரியும், வந்தால் திரும்புகிற வண்டி நிற்கும் என்று தெரியும். 2009இலிருந்து வயதானவர்களுக்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மூத்த குடிமக்கள் அட்டையைக் கம்பத்தில் இருக்கும் பெட்டியில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 விநாடியிலிருந்து 13 விநாடி வரை பச்சை கூடுதலாக எரியும். என் பக்கத்து வீட்டுப் பாட்டி அட்டையைத் தட்டிவிட்டு, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராக நடந்து போவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் அத்தை ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. பத்து விநாடி, அவ்வளவுதான். நம் ஊரில் யாரும் தர முடியாததா அது?

வேளச்சேரி_உமா எழுதியது:

என் மாமியாருக்கு 71. நான் சொல்லியிருப்பது இவ்வளவுதான்.

தனியாக இறங்க வேண்டாம், நாலு பேர் சேரும்வரை நிற்கவும். கூட்டத்தில் போனாலும் வண்டி வரும் பக்கத்தில் நடக்க வேண்டாம், ஆட்களுக்கு மறுபக்கமாக, அவர்கள் மறைவில் நடக்கவும். ஒரே மூச்சில் முழு ரோட்டையும் கடக்கப் பார்க்க வேண்டாம், மீடியனில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பச்சைக்கு மீதியைக் கடக்கலாம். பாதியில் ஓடவோ திரும்பவோ கூடாது, ஓட்டுகிறவர்கள் நாம் நேராகப் போவோம் என்று நினைத்துத்தான் விலகுகிறார்கள்.

நடைமேம்பாலத்தில் போகச் சொல்லலாமே என்று அடுத்து யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஐம்பது படி ஏறி இறங்க முடிகிற முழங்கால் இருந்தால் அவர் ஏன் கீழே நிற்கப் போகிறார்? லிப்ட் இருக்கும், பூட்டியிருக்கும். மக்கள் பாலமே ஏற மாட்டார்கள் என்பதும் பொய். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023இல் திறந்த ஆகாய நடைபாதை அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். போக வேண்டிய இடத்துக்கே கொண்டுவிடுகிறது, எஸ்கலேட்டரும் இருக்கிறது, அதனால் போகிறார்கள்.

பழைய_சிக்னல்காரன் எழுதியது:

இருசக்கரம் தம்பி, நீங்கள் சொன்ன பேருந்து விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அந்த நிறுத்தம் சந்திப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் ஒருநாள் போய்ப் பாருங்கள். சிக்னலை ஒட்டி நிறுத்தம் வைத்தால் எதிர்ப்பக்கம் பேருந்தைப் பார்த்தவர் ஓடத்தான் செய்வார், அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்குத் தெரியாது. நான் யாரையும் நியாயப்படுத்தவில்லை. 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். மத்திய அரசின் கணக்கே இது. அதில் எத்தனை பேர் சிவப்பில் இறங்கினார்கள், எத்தனை பேர் பச்சையில் இறங்கினார்கள் என்று பிரித்துப் பார்த்து நாம் ஆறுதல் அடைய முடியாது.

ஃப்ரீ லெப்ட் பற்றி: இடதுபுறம் எப்போதும் திரும்பலாம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி இல்லை. அதற்கான பலகையோ பச்சை அம்போ இருந்தால்தான் சிவப்பில் இடது திரும்பலாம், அப்போதும் நடப்பவருக்கு வழிவிட்ட பிறகுதான். உங்கள் அம்மாவின் பையை இழுத்தவர் பக்கம்தான் தப்பு.

மாம்பலம்வாசி, யாரிடம் எழுதுவது என்று குழம்பாதீர்கள். சிக்னல் நேரம் போக்குவரத்துக் காவல். அழிந்துபோன கோடு, உடைந்த பிளாட்பாரம், மீடியன் எல்லாம் ரோடு யாருடையதோ அவர்கள். மாநகராட்சி ரோடு என்றால் 1913க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், அண்ணா சாலை போன்ற பெரிய ரோடு என்றால் நெடுஞ்சாலைத் துறை. இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதாவிட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்கள். நல்ல பிளாட்பாரம் கிடைப்பது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள். சும்மா "சிக்னல் சரியில்லை" என்று எழுதினால் ஓரமாகப் போய்விடும். விநாடிக் கணக்கோடு எழுதுங்கள்.

மாம்பலம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் லீவு போட்டு அம்மாவோடு அங்கே நின்றேன்.

போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினேன். ஒரு சுற்று 176 விநாடி. பச்சை பொம்மை 14 விநாடி, அதில் கடைசி 5 விட்டுவிட்டு எரிகிறது. அம்மா ஓரத்திலிருந்து மீடியனுக்குப் போகவே 13 விநாடி ஆகிறது. அதாவது விதியை முழுசாக மதித்துப் பச்சையில் இறங்குகிற என் அம்மாவைச் சரியாக நடுரோட்டில் கொண்டுபோய் விடுவதற்குத்தான் அந்தச் சிக்னலில் நேரம் இருக்கிறது. அன்று அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது பதற்றத்தால் மட்டும் என்று நினைத்திருந்தேன். பதற்றமே இல்லாவிட்டாலும் அங்கேதான் நின்றிருப்பார்.

உமா அக்கா சொன்னபடி இப்போது இரண்டு தவணையாகக் கடக்கிறார். மீடியனில் நிற்க ஒரு மீட்டர் இடம் இருக்கிறது, ஆனால் அதில் பாதியை ஒரு விளம்பரத் தட்டி அடைத்திருக்கிறது. அதைப் படம் எடுத்து 1913இல் புகார் பதிந்தேன், எண் வந்திருக்கிறது. சிக்னல் நேரத்துக்கு விநாடிக் கணக்கோடு தனி மனு எழுதிவிட்டேன். பேருந்துக்கு முன்னால் கடக்கக் கூடாது என்பதை அம்மா இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

பூக்கார அம்மாவைப் பார்த்துப் பேசினேன். ஒருநாளைக்கு ஏழெட்டுப் பேரையாவது கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாராம், 19 வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. அம்மா இரண்டாவது. காலை 8 முதல் 9 வரை போலீஸ்காரர் கையால் இயக்கும்போது எத்தனை தடவை நடப்பவர் முறை வருகிறது என்பதையும் எண்ணிச் சேர்க்க வேண்டும், அதற்கு நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். வருகிற வியாழக்கிழமை நானும் என் மனைவியும் இருக்கிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு பேர் வர முடியுமா? தனிச்செய்தியில் இடம் சொல்கிறேன்.

இருசக்கரம்_87 எழுதியது:

நான் வருகிறேன். ஏழே முக்காலுக்கு அங்கே இருப்பேன்.